மூன்று கறுப்பு வளையம்

பேத்தியின் பிறந்தநாளுக்கு வந்த தோழி ஒருத்தி, சிங்கப்பூர்த் தேக்கா பக்கம் ஒரு கடையில் வாங்கியதாகச் சொல்லி ஒரு சொப்புச் சாமான் பெட்டியைக் கொடுத்தாள். பெட்டியின் முதுகில் ஆங்கிலத்தில் ஆறு வரி. படித்ததும் முகம் சூடாகிவிட்டது. அது நான் எழுதியது. நாலு வருஷத்துக்கு முன்னால் மாமா மகன் வாட்ஸ்அப்பில் கேட்டான். வேலைக்குப் போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் தட்டி அனுப்பினேன். அவன் சொல்வதுபோல, கரிசல் காட்டில் எங்கள் தந்தை ஒற்றைக் கடைசல் பட்டறையோடு தொடங்கிய தொழில், ஒவ்வொரு சொப்பிலும் இருக்கும் மூன்று கறுப்பு வளையம் எங்கள் குடும்பத்தின் தொன்றுதொட்ட அடையாளம் என்றெல்லாம் அளந்திருக்கிறேன். பக்கத்தில் திருநீறு பூசிய மாமாவின் படம்.

மாமா தன் வாழ்நாளில் ஒரு பம்பரம்கூடக் கடைந்தவரில்லை. உளி பிடித்தவள் அத்தை.

சிங்கப்பூரிலிருந்து பதினாறு வருஷமாக எட்டிப் பார்க்காத ஊருக்கு நான் போனது அந்தப் பெட்டியால்தான்.

எங்கள் ஆலங்குளத்தை யாருக்கும் ஒரே தடவையில் புரியவைக்க முடியாது. ஆலங்குளம் என்றாலே தென்காசிப் பக்கத்து ஆலங்குளத்தைத்தான் நினைப்பார்கள். எங்களுடையது ராஜபாளையத்துக்கும் வெம்பக்கோட்டைக்கும் இடைப்பட்டது. 1970-ல் சிமென்ட் ஆலை வந்த பிறகு ‘சிமென்ட் ஆலங்குளம்’ என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். அத்தைக்குப் பிறந்த ஊர் அம்பாசமுத்திரம். மாப்பிள்ளைக்கு ஆலங்குளம் என்றதும், பஸ் ஏறினால் ஒரு மணி நேரம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டார்களாம். அந்த ஆலங்குளம் திருநெல்வேலி ஜில்லா, நாங்கள் அப்போது ராமநாதபுரம் ஜில்லா என்பது நிச்சயத்துக்கு வண்டி பிடிக்கும்போதுதான் தெரிந்திருக்கிறது. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த பெண் கரிசல் காட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

அம்பாசமுத்திரம் கடைசல் வேலைக்குப் பேர்போன ஊர். மரக்கட்டையைச் சுழலவிட்டு உளி வைத்துக் கடைந்து, அரக்கு ஏற்றிச் செய்கிற சொப்பு, பம்பரம், கிலுகிலுப்பை எல்லாம் அங்கே குடும்பம் குடும்பமாகச் செய்தார்கள். அத்தையின் அப்பாவும் அந்தத் தொழில்தான். சீராக வந்த பாத்திர பண்டத்தோடு ஒரு சின்ன மரப்பெட்டியும் வந்தது. அதில் ஏழு உளி. கல்யாண வீட்டில் அதைப் பார்த்துச் சிரித்தவர்களில் என் அம்மாவும் உண்டு.

மானாவாரிப் பருத்தி இரண்டு வருஷம் சேர்ந்தாற்போலப் பொய்த்தபோது பெட்டி திறந்தது. கொல்லையில் இரண்டு கட்டையை நட்டு, நடுவில் மரத்துண்டைப் பொருத்தி, அதில் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனையையும் ஒருவர் மாறி மாறி இழுக்க வேண்டும். கட்டை இந்தப் பக்கம் சுற்றும்போது மட்டும்தான் உளி கடிக்கும். அந்தப் பக்கம் சுற்றும்போது உளியை ஒரு நூல் பின்வாங்க வேண்டும். அத்தை தரையில் உட்கார்ந்து வலதுகால் பெருவிரலை உளிக்கு அணை கொடுத்திருப்பாள். உளி நகர நகர விரலும் நகரும். சுருள் சுருளாக மரச்சீவல் அவள் மடியில் விழும். உருண்டு வந்ததும் அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையில் அழுத்துவாள். தேய்கிற சூட்டிலேயே அரக்கு உருகி மஞ்சளும் சிவப்பும் ஏறும். நெருப்பு வேண்டாம். பிறகு ஒரு துண்டு தாழை ஓலையை வைத்து அழுத்தினால், மங்கலாக இருந்த சிவப்பு ஈரம் பட்டதுபோல மினுங்கும். எத்தனை தரம் பார்த்தாலும் அந்த ஒரு கணத்தில் நான் கயிறு இழுப்பதை மறந்துவிடுவேன். “ஏட்டி, இழு!” என்று அதட்டு விழும்.

கயிறு மாமாவின் வேலை. அவர் சந்தைக்குப் போகிற நாளில் என் வேலை. மஞ்சக்கடம்பு மரத்தை அத்தையின் அண்ணன் பஸ்ஸில் ஏற்றிவிடுவார். ஒருமுறை அது அந்த ஆலங்குளத்தில் இறங்கி ஒரு வாரம் கிடந்தது. கடைந்ததை ஓலைப்பெட்டியில் அடுக்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும் இருக்கன்குடிக் கொடைக்கும் மாமா தலையில் சுமந்துபோவார். அடுப்பு, குடம், உரல், அம்மி, ஆட்டுக்கல், திருகை எல்லாம் சேர்த்து ஒரு செட் மூணு ரூபாய் என்று கூவுவதற்கு அவருக்கு நல்ல தொண்டை இருந்தது. ஊருக்கு அவர்தான் ‘சொப்புக்காரர்’. அத்தையை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

இந்தத் தடவை ஊரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், கண்மாய்க்கரை எதையும் நான் நின்று பார்க்கவில்லை.

தொழில் இப்போது கொல்லையில் இல்லை. ராஜபாளையம் ரோட்டில் தகரக் கொட்டகை, மோட்டார் வைத்த ஆறு பட்டறை, கன்னியாகுமரிப் பக்கமிருந்து வரும் ரப்பர் மரம். மாமா மகன் என்னை உட்காரவைத்துக் கணக்கு சொன்னான். 2020-ல் பொம்மை இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 60-ஆகத் தூக்கியது, மறுவருஷம் ஜனவரியிலிருந்து பதினாலு வயசுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது, பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கு அதில் விலக்கு கிடைத்தது எல்லாவற்றையும் விரல்விட்டுச் சொன்னான். “கைவினைஞர் அட்டை யார் பேரில்?” என்றேன். “என் பேர்லதான்” என்றான். கெட்டிக்காரன், நல்லவன், சாப்பிடாமல் விடமாட்டேன் என்கிறவன். இருந்தும் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த ஆறு வரியை எழுதியவளுக்கு எரிச்சல்பட என்ன யோக்கியதை என்று நினைத்ததும் அது அடங்கியது.

சாயங்காலம் காரில் விஜயகரிசல்குளத்துக்குக் கூட்டிப்போனான். 2022-லிருந்து அகழாய்வு நடந்த மேடு. சங்கு வளையல் துண்டுகளோடு சுடுமண் பொம்மைகளும், பிள்ளைகள் நொண்டி விளையாடுகிற வட்டச் சில்லும் அங்கே கிடைத்திருக்கின்றன. உடைந்த பானையோட்டை உரசி உரசி வட்டமாக்கிய சில்லு. நாங்கள் செய்ததும் அப்படித்தான். யார் உரசியதோ.

அத்தை பழைய வீட்டில்தான் இருக்கிறாள். எண்பதைத் தொட்டிருப்பாள். திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, “ஏட்டி, வந்துட்டியா. காலைக் கழுவிட்டு வா” என்றாள். பதினாறு வருஷத்துக்கு அவ்வளவுதான். கொல்லையில் நட்ட கட்டை இரண்டும் இல்லை. அந்த இடத்தில் செப்டிக் டேங்க். உளிப்பெட்டி எங்கே என்று கேட்டேன். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தாள். உள்ளே ரேஷன் கார்டு, பிரஷர் மாத்திரை, பல்செட். உளிகளில் மூன்றுதான் மிச்சம். ஒன்றை வைத்துத் தேங்காய் உடைக்கிறாளாம்.

நான் கொண்டுவந்த சொப்புப் பெட்டியை எடுத்துக் காட்டினேன். எழுதியிருப்பதைத் தமிழில் வாசித்தேன். மன்னிப்புக் கேட்பதற்குத்தான் வந்தேன் என்பதை எப்படியோ சொல்லி முடித்தேன்.

“மாமா படம் போட்டா என்னட்டி? கயிறு இழுத்தது அவுகதானே. இழுக்க ஆளில்லன்னா நான் வெறுங்கட்டையப் பிடிச்சிட்டுல்லா உக்காந்திருக்கணும்.”

“இருந்தாலும் கை உங்க கைதானே, அத்தை.”

அவள் பதில் சொல்லவில்லை. பெட்டிக்குள்ளிருந்து சிவப்புக் குடம் ஒன்றை எடுத்துக் கண்ணருகே கொண்டுபோனாள். கட்டைவிரல் நகத்தால் கழுத்துப் பக்கம் சுரண்டிப் பார்த்தாள். “அரக்கு மெலிசா இருக்கு” என்றாள். பிறகு வயிற்றில் ஓடும் மூன்று கறுப்பு வளையத்தைத் தடவினாள்.

“இதை என்னன்னு எழுதியிருக்க?”

“குடும்ப அடையாளம்னு. தலைமுறை தலைமுறையா வர்றதுன்னு.”

அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். பல்செட் இல்லாத வாய். இருமல் வரும்வரை சிரித்தாள். கீரை மடியிலிருந்து சரிந்தது.

“மாமா இழுத்தா கயிறு ஒரே சீரா வரும். நீ இழுத்தா வெட்டி வெட்டில்லா வரும். வேடிக்கை பார்த்துட்டே இழுப்ப. உளி துள்ளி வயித்துல கோடு கோடா கீறிரும். அத மறைக்கத்தான் கறுப்பு அரக்க வச்சு வளையம் போடுவேன். நல்லாருக்குன்னு சனம் அதையே கேட்டு வாங்குச்சு.” குடத்தை என் கையில் வைத்தாள். “இப்ப மோட்டார்லதானே ஓட்டுதான். இன்னும் எதுக்கு அந்தக் கோட்டப் போடுதான்னு அவன்கிட்டக் கேக்கணும்.”