டெர்பியில் ஜெயித்தவன்

குதிரை ரேஸ் சூதாட்டமில்லை, திறமை என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. பி.காம். படித்த எனக்குத் திறமைக்கா பஞ்சம்? ஒரு பிப்ரவரி ஞாயிறு, இந்தியன் டெர்பிக்காக மும்பை மகாலட்சுமி மைதானத்துக்கே போய்விட்டேன்.

2,400 மீட்டர். எடை, ஜாக்கி, பழைய ஓட்டம் எல்லாம் அலசி ஒரு குதிரை மேல் 500 ரூபாய் கட்டினேன். கத்திய கத்தலில் தொண்டை போச்சு. ஜெயித்தது! ஊரே கட்டிய ஃபேவரிட் ஆச்சே, போட்டதும் சேர்த்து டோட்டில் கிடைத்தது 600.

தோற்றிருந்தால் பேசாமல் ரயிலேறியிருப்பேன். ஜெயித்ததுதான் வினை. பையில் மகளின் ஸ்கூல் ஃபீஸ் 8,000 இருந்தது. அடுத்த ரேஸில் மொத்தமும் கட்டினேன். அந்தக் குதிரை இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "டெர்பி என்னங்க ஆச்சு?"

"ஜெயிச்சாச்சு" என்றேன். பொய்யில்லையே!

"அப்ப நாளைக்கே பாப்பா ஃபீஸைக் கட்டிடுங்க."