ஒரே பட்டறையில் வாளும் கலப்பையும்

2017ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாளைக் குமரிக் கடற்கரை மக்கள் மறக்கமாட்டார்கள். ஒக்கிப் புயல் வீசிய நாள் அது. கடலுக்குச் சென்ற ஆண்மக்கள் பலர் கரை திரும்பவில்லை. ஆலய முற்றங்களிலும் கடற்கரை மணலிலும் தாய்மாரும் மனைவியரும் செபமாலையைக் கையிலேந்திக் காத்திருந்த அந்நாள்களில், அவ்வப்போது வானில் ஓர் இரைச்சல் எழும். உடனே எல்லாக் கண்களும் மேல்நோக்கும். கடலோரக் காவற்படையின் தேடும் விமானம் அது. "டோர்னியர் போகுது" என்று சிறுவரும் சொல்லுவர். அவ்விரைச்சல் தேய்ந்து மறையும்வரை எவரும் பேசுவதில்லை.

அன்று அதனை வெறும் பெயராகவே கேட்டோம். அண்மையில் ஓர் இளைஞன் நம்மிடம் கேட்ட கேள்வியே அப்பெயரின் பின்னே கிடந்த நெடிய கதையைத் தேடி வாசிக்கத் தூண்டியது.

அவன் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. பள்ளியில் நம்மிடம் பயின்றவன். புயலில் போன அவனுடைய சித்தப்பா திரும்பி வரவேயில்லை. வானூர்திப் பொறியியல் படித்துத் தேறிய அவனுக்கு, ஐரோப்பிய விமான நிறுவனம் ஒன்றின் பெங்களூர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், இந்தக் கம்பெனியில சண்டை விமானமும் செய்றாங்க, செயற்கைக்கோளும் செய்றாங்க. எனக்கு எந்த வேலை தருவாங்கன்னு இப்பவே சொல்ல மாட்டாங்க. சேரலாமா?"

உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டோம்.

ஜெர்மனியின் தென்கோடியில் கான்ஸ்டன்ஸ் ஏரி என்னும் பெரிய ஏரி உண்டு. அதன் கரையிலுள்ள பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரில்தான் கிளாட் டோர்னியர் என்னும் பொறியாளர் விமானம் கட்டத் தொடங்கினார். நீரிலிருந்து எழுந்து பறக்கும் படகு விமானங்களே அவருக்குப் புகழ் தேடித் தந்தவை. 1929ஆம் ஆண்டு, பன்னிரண்டு எஞ்சின்கள் பூட்டிய அவருடைய படகு விமானம் 169 பேரைச் சுமந்து அந்த ஏரியின்மேல் பறந்து உலகை வியக்கவைத்தது. பத்தாண்டுகள் கழியுமுன் அதே நிறுவனம் வேறொன்றையும் ஆக்கிற்று. மெலிந்த உடலால் 'பறக்கும் பென்சில்' என்று செல்லப்பெயர் பெற்ற டோர்னியர் 17 என்னும் குண்டுவீச்சு விமானம் 1939இல் போலந்தின் மீதும், 1940இல் இங்கிலாந்தின் மீதும் அழிவைப் பொழிந்தது. விதைத்தது முளைக்காமல் போகுமோ? 1944 ஏப்ரலில் நேச நாடுகளின் விமானங்கள் பிரீட்ரிக்ஸ்ஹாபன் நகரின் பழைய பகுதியையே தரைமட்டமாக்கின.

போர் முடிந்தபின் அப்பெயர் மீண்டும் எழுந்தது. டோர்னியர் 228 என்னும் சிறு விமானம் 1981இல் முதன்முறையாகப் பறந்தது. அதனை உரிமம் பெற்றுக் கான்பூரில் நம் நாட்டின் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் கட்டலாயிற்று. குமரிக் கடல்மீது நம் மக்களைத் தேடிப் பறந்தது அவ்வினத்து விமானமே. தேடுவோரும் ஆபத்துக்கு விலக்கானவர் அல்லர். 2015 ஜூன் 8ஆம் நாள் சென்னையிலிருந்து கிளம்பிய அத்தகைய விமானம் ஒன்று மூவருடன் கடலில் விழுந்தது. பிறருடைய பிள்ளைகளைக் காக்கும் கடமையில் மாண்ட அம்மூவரும் நம் செபத்திற்குரியவர்கள்.

டோர்னியரின் விண்வெளிப் பிரிவோ கைமாறிக் கைமாறி, இன்று ஏர்பஸ் நிறுவனத்தின் ஒரு கிளையாகத் திகழ்கிறது. 2014ஆம் ஆண்டு சனவரியில் அந்நிறுவனம் தன் போர் விமானத் தொழிலையும் விண்வெளித் தொழிலையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது. வாளும் கலப்பையும் ஒரே பட்டறையில், ஒரே உலைத் தீயில்!

கலப்பைகளை முதலில் காண்போம். கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் உருவான ரொசெட்டா விண்கலம் 2004இல் புறப்பட்டுப் பத்தாண்டுகள் பயணம் செய்து ஒரு வால்மீனை எட்டியது. அது எடுத்துச் சென்ற சிறு கலம் 2014 நவம்பர் 12 அன்று வால்மீனின் மேலேயே இறங்கியது. 2015இல் ஏவப்பட்ட சென்டினல்-2 செயற்கைக்கோளும் அங்கே பிறந்ததே. 786 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது வயல்களையும் காடுகளையும் நீர்நிலைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் படங்களை ஏழை நாட்டு மாணவனும் காசின்றிப் பெறலாம். பிரான்சின் தூலூஸ் நகரில் கட்டப்பட்ட கையா விண்கலம் 2013 முதல் 2025 வரை வானில் உலவி, ஏறத்தாழ 180 கோடி விண்மீன்களின் இருப்பிடத்தை அளந்தது. விண்மீன்களை எண்ணிப்பார் என்று ஆண்டவர் ஆபிரகாமை வெளியே அழைத்துச் சென்ற அந்த இரவு நம் நினைவுக்கு வருகிறதன்றோ!

இன்னொன்றும் உண்டு. அதே தூலூசில் ஆயத்தமாகி 2023 ஏப்ரல் 14 அன்று வியாழன் கோளை நோக்கிப் புறப்பட்ட ஜூஸ் விண்கலம், கலிலேயோவை நினைவுகூரும் பட்டயம் ஒன்றைத் தாங்கிச் செல்கிறது. 1610இல் அவர் கண்ட வியாழனின் துணைக்கோள்களையே அது ஆராயப் போகிறது. 1633இல் அவரைத் தண்டித்தவர்கள் திருச்சபையைச் சார்ந்த நம்மவர்; அத்தவற்றை 1992இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அறிவியலாரின் மனச்சான்றைப் பற்றிப் பேசப் புகும் நாம், இதனை மறந்து பேசுதல் தகாது.

இனி வாளைக் காண்போம். யூரோபைட்டர் என்னும் போர் விமானம் நான்கு நாடுகளின் கூட்டுப் படைப்பு. அதன் நடு உடல் ஜெர்மனியிலும், வலது இறக்கை ஸ்பெயினிலும், இடது இறக்கை இத்தாலியிலும், முன்பகுதி இங்கிலாந்திலும் ஆகின்றன. இவ்வகை விமானங்களை வாங்கிய சவுதி அரேபியா, 2015இல் தொடங்கிய ஏமன் போரில் அவற்றைப் பயன்படுத்திற்று. தருமம் செய்கையில் வலக்கை செய்வதை இடக்கை அறியவேண்டாம் என்றார் ஆண்டவர். இங்கேயோ வேறுவிதமான அறியாமை! வலது இறக்கையைச் செய்கிறவன் இடது இறக்கையைச் செய்கிறவனை அறியான். இருவரும் குண்டு விழும் முற்றத்தை அறியார். குற்றம் நான்கு நாடுகளுக்கும் பல்லாயிரம் கைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படும்போது, ஒவ்வொருவர் பங்கிற்கும் வருவது ஒரு திருகாணி அளவே. அதற்காக எவன் உறக்கம் இழப்பான்?

வாள் எது, கலப்பை எது என்று எப்போதும் எளிதாகப் பிரித்துவிடவும் முடிவதில்லை. செவில் நகரில் கட்டப்படும் ஏ400எம் என்னும் போக்குவரத்து விமானம் 37 டன் வரை சுமக்கும். போர்முனைக்குப் படைவீரரையும் தளவாடங்களையும் கொண்டு செல்வதற்கே அது பிறந்தது. ஆயினும் 2024 மார்ச்சில் பசியால் வாடிய காசாவின்மீது இங்கிலாந்தும் ஸ்பெயினும் உணவுப் பொதிகளை இறக்கியது அந்த விமானத்திலிருந்துதான். மாறாக, வயலைப் பார்க்கும் கண்ணைச் செய்யத் தெரிந்த கைகளே, பிரான்சின் படைக்கு உளவு பார்க்கும் கண்ணையும் செய்து 2018இல் விண்ணுக்கு அனுப்பின.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் கை கழுவிவிடவும் இயலாது. 2021 செப்டம்பரில் நம் அரசு இதே நிறுவனத்திடம் 56 சி-295 விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்தது. அவற்றுள் நாற்பதைக் கட்டுவதற்கான தொழிற்சாலை 2024 அக்டோபரில் வதோதராவில் திறக்கப்பட்டது. நம் வரிப்பணத்திலும் ஒரு காசு அந்த உலையில் எரிகிறது.

வாள்கள் கலப்பைக் கொழுக்களாக மாறும் காலத்தை இறைவாக்கினர் எசாயா கனவு கண்டார். ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். வாள் தானாகக் கலப்பையாவதில்லை. அதை உலையிலிட்டு அடிக்க ஒரு கொல்லன் வேண்டும். கொல்லரெல்லாம் பட்டறையை விட்டு ஓடிவிட்டால் அக்கனவு யார் கையால் நனவாகும்? 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மக்களின் பாதுகாப்பிற்காகப் படையில் பணிபுரிவோரைப் பழிக்கவில்லை. ஆனால் நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் போரை வன்மையாகக் கண்டித்தது. படைக்கலப் போட்டி ஏழைகளுக்கு இழைக்கும் தீங்கையும் எடுத்துரைத்தது. மனச்சான்றின் பொருட்டுப் படைக்கலம் ஏந்த மறுப்போருக்கு இரங்கும் சட்டம் வேண்டுமெனவும் கேட்டது. ஆக, பட்டறைக்குள் போவதே பாவம் என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. போனவன் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று சொல்லவும் இல்லை.

அடுத்த ஞாயிறு அவனிடம் இவ்வாறே கூறினோம்: "தம்பி, போ. ஆனால் உன் மேசைக்கு வரும் ஒவ்வொரு வேலையும் எங்கே போய் முடியும் என்று கேள். விடை கிடைக்காத இடத்தில் மறுபடியும் கேள். இது என்னால் ஆகாது என்று உன் உள்ளம் சொல்லும் நாளில், அந்த மேசையை விட்டு எழுந்துவிடு."

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: "எழுந்துடலாம் சார். படிப்புக்கு வாங்கின கடன் இருக்கு. தங்கச்சி கல்யாணம் இருக்கு. எழுந்து வந்தா யாரு பார்ப்பாங்க?"

நமது அறிவுரை முழுதும் அந்த ஒரு கேள்வியின்முன் நொறுங்கிற்று. மனச்சான்றுக்குப் பணிந்து நட என்று இளையோருக்குப் போதிப்பது எளிது. அப்படி நடந்து வேலை இழந்து வருகிறவனுக்கு நம் பங்குச் சமூகம் என்ன வைத்திருக்கிறது? அவனுடைய கடனில் ஒரு தவணையையாவது கட்ட முன்வருவோமா? 'பிழைக்கத் தெரியாதவன்' என்று ஆலய வாசலில் நின்று நாமே ஏளனம் செய்வோமா? எழுந்து வருகிறவனைத் தாங்கும் கைகள் இல்லாத ஊரில், எழுந்திரு என்று சொல்லும் வாய் மட்டும் இருந்து பயனில்லை.

அவன் வேலையில் சேர்ந்துவிட்டான். எந்த மேசையில் அமர்ந்திருக்கிறான் என்பதை இன்னும் எழுதவில்லை. கடலின்மேல் விமான இரைச்சல் கேட்கும்போதெல்லாம், தன் சித்தப்பாவுக்காக அன்று வானத்தைப் பார்த்து நின்ற அந்தச் சிறுவனை நினைக்கிறோம். அவன் கைகள் தேடும் விமானங்களையே செய்யட்டும் என்று வேண்டுகிறோம். என்றேனும் ஒருநாள் அவன் எழுந்து வர நேருமாயின், கதவைத் திறந்து வைக்கும் துணிவை நமக்கும் தந்தருள ஆண்டவரை மன்றாடுகிறோம்.