ஒன்றுக்கு எழுபத்திரண்டு

பொழுதுபோக்கு என்னும் சொல்லை நம்மவர்கள் பெரும்பாலும் சற்று இளக்காரமாகவே கையாளுகின்றனர். பொழுதைப் போக்குதல் என்பது பொழுதை வீணாக்குதலே என்ற எண்ணம் அச்சொல்லினுள்ளேயே பொதிந்து கிடப்பது போலத் தோன்றுகிறது. கலைப்பீடத்தில் வரலாறு பயிலும் மாணவன் ஒருவன், பரீட்சைக்கு இரு மாதங்களே எஞ்சியிருக்கையில், விடுதி அறையின் மேசையிற் குனிந்திருந்து, விரல் நகத்திலும் சிறியதான ஓர் ஆசனத்துக்குப் பட்டி கட்டிக்கொண்டிருப்பானாயின் அவனைப் பற்றி என்ன சொல்லப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை. என் அறைத் தோழன் சொன்னது வருமாறு: “மச்சான், ரெண்டு பக்கத்தையும் ஒட்டி மூடினாப் பிறகு உதொண்டும் தெரியாதே. பிறகேன் இந்தப் பாடு?”

அன்று அவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. இக்கட்டுரை ஓரளவு அவனுக்கான விடையே.

இலண்டனில் வாழும் என் தாய்மாமன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த பெட்டியொன்றிலிருந்து இது தொடங்கியது. சிறு பிள்ளையாயிருந்த காலத்தில் விமானப் படங்களை வெட்டிச் சேர்த்தவன் நான் என்பதை மாமா மறக்கவில்லை. இப்பொழுது இருபத்திரண்டு வயதாகிவிட்டது என்பதை மட்டும் மறந்துவிட்டார் போலும். பெட்டியினுள் மஞ்சள் நிற மீட்பு ஹெலிகொப்டர் ஒன்றின் மாதிரியுருவுக்கான பிளாஸ்ரிக் உறுப்புகள் இருந்தன. அளவுத்திட்டம் ஒன்றுக்கு எழுபத்திரண்டு. அதாவது உண்மைப் பொருளின் 72 அங்குலம் மாதிரியில் ஓர் அங்குலமாகும். ஆறடி மனிதன் ஒருவன் இவ்வுலகில் சரியாக ஓரங்குல உயரத்தில் நிற்பான். பதினேழு மீற்றர் நீளமுள்ள உடற்பகுதி ஒரு சாணுக்குச் சற்றே கூடிய அளவில் உள்ளங்கைமேல் அமர்ந்துவிடும்.

அந்த ஹெலிகொப்டரின் பெயர் சீ கிங். அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனத்தின் வடிவமைப்பைத் தழுவி, இங்கிலாந்தின் யோவில் நகரில் வெஸ்ற்லண்ட் நிறுவனம் அதனைக் கட்டியது. தேடுதலுக்கும் மீட்புக்குமெனப் பிரித்தானிய அரச விமானப்படைக்காக உருவாக்கப்பட்ட வகை 1977 இல் முதன்முறை பறந்து, 1978 இல் சேவைக்கு வந்தது. முப்பத்தேழு ஆண்டுகள் அத்தீவின் கரைகளிலும் மலைகளிலும் பணியாற்றிய பின்னர், 2015 ஒக்ரோபரில் அதன் கடைசி மீட்புக் காவல் நிறைவுற்றது. அப்பணி இன்று கரையோரக் காவற் சேவையின் பெயரால் வேறு வகை ஹெலிகொப்டர்களைக் கொண்டு நடைபெறுகிறது.

நால்வர் அதிற் செல்வர். விமானிகள் இருவர், கதிரலைக் கருவியை இயக்குபவர் ஒருவர், கம்பிவடத்திற் கீழே இறங்குபவர் ஒருவர். மீட்கும் இடத்தை அடைந்ததும், கதிரலைக் கருவியை இயக்குபவரே எழுந்து வந்து வலப்புறப் பெருங்கதவின் அருகில் நின்று, வடத்தை இறக்கியேற்றும் வின்ச்சைக் கையாளுவார். தமக்கு நேர் கீழே நிகழ்வதை விமானியாற் காண இயலாது. கதவருகே நிற்பவர் கீழே நோக்கியபடி, முன்னே இவ்வளவு, வலப்புறம் இவ்வளவு என்று இடைவிடாது சொல்லிக்கொண்டிருக்க, அக்குரலை நம்பியே விமானி இயந்திரத்தைக் காற்றில் நிறுத்தி வைத்திருப்பார். ஒருவர் காண்பார், இன்னொருவர் செலுத்துவார், மற்றொருவர் தொங்குவார். இவற்றையெல்லாம் நான் முதலில் அறிந்திருக்கவில்லை. கதவருகே எதனை எங்கே வைப்பது என்று தெரியாமல் தேடிய போதே அறிந்துகொண்டேன்.

தேட வேண்டியிருந்ததற்குக் காரணம் பெட்டியில் உட்புறத்துக்கென இருந்தவை மிகச் சிலவே என்பதுதான். ஒரு தளம், ஒரு தடுப்புச் சுவர், விமானிகளுக்கு இரண்டு ஆசனங்கள், அவ்வளவே. அதனை நான் குறையாகக் கூறவில்லை. மாதிரியைக் கட்டுவோருட் பெரும்பாலோர் கதவைச் சாத்தி ஒட்டிவிடுவர். உள்ளே பார்ப்பார் யாருமிலர். எனினும் பெட்டியின் குறிப்பேடு கதவைத் திறந்தும் வைக்கலாம் என்றது. திறந்து வைத்தால், அஞ்சல் முத்திரையளவான அத்துவாரத்தினூடாகத் தெரிவது வெறும் வெள்ளைப் பிளாஸ்ரிக் பெட்டிதான். மீட்பு ஹெலிகொப்டர் ஒன்று மற்றைய ஹெலிகொப்டர்களினின்றும் வேறுபடுவது அதன் வயிற்றுக்குள்ளே அன்றோ? அந்த வயிறே இல்லாமல் மஞ்சள் வண்ணத்தை மட்டும் பூசி என்ன பயன் என்று எண்ணினேன். இல்லாதவற்றை நானே செய்வதெனத் துணிந்தேன்.

இவ்வேலைக்கெனப் பிறநாடுகளில் விற்கப்படும் மெல்லிய பிளாஸ்ரிக் தகடு எனக்குக் கிடைக்கவில்லை. யோகட் கோப்பைகள் கைகொடுத்தன. அவற்றின் பக்கங்களை வெட்டித் தட்டையாக்கினால் நல்ல தகடாகும். மாதிரிக்குரிய பசையிலும் ஒட்டும். உறுப்புகளைத் தாங்கி வரும் பிளாஸ்ரிக் சட்டத்தின் துண்டொன்றை மெழுகுவர்த்திச் சுடரின் மேல், தீயிற் படாமற் சுழற்றிச் சூடாக்கி, இளகியதும் வெளியே எடுத்து இருபுறமும் இழுத்தால் தலைமயிர் போன்ற இழை கிடைக்கும். குழாய்களும் கைப்பிடிகளும் அவ்விழையால் ஆனவை. தொலைபேசிக் கம்பியினுள்ளிருந்த செப்பிழைகள் தூக்குப்படுக்கையின் சட்டமாயின. மெல்லிய கடதாசியை நீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்து மடித்துக் கம்பளிகள் செய்தேன். இரைச்சலைத் தணிப்பதற்காக உட்சுவர்களில் மெத்தை போன்ற உறை போர்த்தப்பட்டிருக்கும். மாத்திரை உறையின் பின்புறத் தாளை உரித்து, மை தீர்ந்த பேனா முனையாற் குறுக்கும் நெடுக்கும் கோடு கீறினால் அந்த மெத்தையின் தோற்றம் வந்துவிடும்.

இவ்வாறு சொல்கையில் எல்லாம் எளிதில் நிகழ்ந்தது போலத் தோன்றலாம். உண்மை அதுவன்று. முதலிற் செய்த ஆசனத்தை எறிய நேர்ந்தது. அதன் ஓரம் ஒரு மில்லிமீற்றர் தடிப்பாயிருந்தது. ஒரு மில்லிமீற்றர் அற்பமெனத் தோன்றும்; எழுபத்திரண்டாற் பெருக்கிப் பார்த்தால் அவ்வாசனத்தின் தகடு ஏழு சென்ரிமீற்றருக்கும் மேற்பட்ட தடிப்புடையது. அது ஆசனமன்று, மதில். சிறியதைச் செய்பவன் இழைக்கும் பிழைகள் சிறியனவாயிருப்பதில்லை என்பதை அன்று கண்டேன். ஆசனப்பட்டியின் அகலம் உண்மையில் ஐந்து சென்ரிமீற்றர் அளவினதெனின் இங்கு அது முக்கால் மில்லிமீற்றருக்கும் குறைவு. சவர அலகால் அதனை வெட்டும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருநாள் அவசரப்பட்டு, உடனே ஒட்டும் பசையை யன்னலுக்கு அருகில் உபயோகித்துவிட்டேன். அப்பசையின் ஆவி கண்ணாடியிற் படிந்து, காலையிற் பார்க்கையில் யன்னல்கள் யாவும் பனி மூடியவை போல வெளுத்திருந்தன. பற்பசையைத் துணியிலிட்டு இரண்டு இரவுகள் தேய்த்தே அவற்றின் தெளிவில் ஒரு பகுதியையேனும் மீட்டேன்.

புகைப்படங்களைக் கூர்ந்து நோக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். கருவிகளும் இருக்கைகளும் படுக்கைகளும் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருந்தாலும், கதவிலிருந்து உள்நோக்கிய தளத்தின் ஒரு பகுதி வெறுமையாகவே விடப்பட்டிருந்தது. தொடக்கத்தில் அதனை நிரப்புவதற்கு ஏதேனும் உண்டா எனத் தேடினேன். பின்னரே விளங்கிற்று. அது மேலே ஏற்றப்படுபவர் வந்து விழும் இடம். 2004 ஓகஸ்ட் 16 ஆம் திகதி, கோர்ன்வால் பகுதியிலுள்ள பொஸ்காசில் என்ற சிற்றூரில் கடுமழையால் வலென்சி ஆறு பெருக்கெடுத்து வீடுகளைச் சூழ்ந்தபோது, சீ கிங் உள்ளிட்ட ஏழு ஹெலிகொப்டர்கள் ஏறத்தாழ நூறு பேரைக் கூரைகளிலிருந்தும் மரங்களிலிருந்தும் தூக்கியெடுத்தன. அவ்வெள்ளத்தில் ஒருவரும் உயிரிழக்கவில்லை. ஈரத்தோடு ஏறிய அம்மனிதர் ஒவ்வொருவரும் முதலிற் தொட்டது அந்த வெறுந்தளத்தையே.

பரீட்சை முடிந்து விடுமுறைக்கு ஊர் செல்கையில், இன்னும் ஒட்டி மூடாத இரு பாதிகளையும் ஒரு சப்பாத்துப் பெட்டியிற் பஞ்சு வைத்துக் கொண்டு சென்றேன். கதவைத் திறந்து வைப்பதா, தோழன் சொன்னது போலச் சாத்திவிடுவதா என்பதில் எனக்கே தெளிவு இருக்கவில்லை. பனி படர்ந்த யன்னல்கள், சற்றுக் கோணலான படுக்கை முதலியவற்றைப் பிறர் காண்பானேன் என்ற தயக்கமும் இருந்தது.

எங்கள் வீடு வடமராட்சிக் கரையில். 1980 களிலும் 1990 களிலும் அங்கு வளர்ந்த அம்மாவுக்கு ஹெலிகொப்டர் என்பது முதலில் ஓர் ஓசை. அவ்வோசை தூரத்திற் கேட்டதும் அடுப்பை அப்படியே விட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை அவருடையது. போர் முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் வானில் அவ்வோசை கேட்டால், செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, அது கடந்து செல்லும்வரை பேசாமல் நிற்பார். பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் முகம் மாறியதை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

“உதை ஏன் தம்பி இஞ்சை கொண்டந்தனீ?”

மீட்பு வேலைக்கானது என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமற் குசினிக்குள் சென்றுவிட்டார்.

நான்கைந்து நாட்கள் அதனை என் அறைக்குள்ளேயே வைத்து வேலை செய்தேன். வலப்புறச் சுவருக்கு மாத்திரைத் தாள் போதவில்லை. அம்மா இரத்த அழுத்தத்துக்காக நாள்தோறும் மாத்திரை எடுப்பவர். வேறு வழியின்றி அவரிடமே வெற்று உறைகளைக் கேட்டேன். எதற்கென வினவினார். காட்டினேன். மூக்குக்கண்ணாடியை எடுத்து வந்து அணிந்துகொண்டு, அரைப்பகுதியைக் கையில் வாங்கி யன்னல் வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“இது படுக்கையோ?”

“ஓம் அம்மா. காயக்காரருக்கு.”

“கம்பளியும் வைச்சிருக்கிறாய்.” பின்னர், “நடுவிலை ஏன் வெறுமையா விட்டிருக்கிறாய்?” என்றார்.

“அது ஏத்துற ஆக்களுக்கு.”

அவர் அதனை மேசையில் வைக்கவில்லை. கையில் வைத்திருந்தபடியே கூறினார்: “கடல் வந்த அண்டைக்குப் பின்னேரமும் ஒண்டு வந்தது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு பனங்கூடலுக்கை ஓடிப் படுத்திட்டன். அது எங்களை ஏத்த வந்ததோ, பாத்திட்டுப் போக வந்ததோ, ஆருக்குத் தெரியும்?”

2004 டிசெம்பர் 26 அன்று எனக்கு வயது ஒன்றேகால். கடல் எங்கள் ஒழுங்கைக்குள் வந்ததையும், அம்மம்மா திரும்பி வராததையும் பலமுறை கேட்டிருக்கிறேன். பனங்கூடலுக்குள் ஓடிய கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். போர்நிறுத்தம் நடைமுறையிலிருந்த காலம் அது. எனினும் கால்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. வானில் வந்தது எதற்காக வந்ததென்பதை இனி எவராலும் கூற இயலாது. உள்ளே எவர் இருந்தனர், என்ன இருந்தது, தளத்தில் இடம் விடப்பட்டிருந்ததா என்பது கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கண்டது வயிற்றின் அடிப்புறத்தை மட்டுமே.

என் தோழனுக்கான விடை அவ்விடத்திலேதான் எனக்குக் கிடைத்தது. இயந்திரமொன்றின் வெளிவடிவம் அதன் நோக்கத்தைச் சொல்வதில்லை. ஒரே உடலில் ஆயுதத்தையும் ஏற்றலாம், படுக்கையையும் ஏற்றலாம். வேறுபாடு முழுவதும் உள்ளே இருக்கிறது. மூடிய பின் தெரியாமற் போகும் என்பது உண்மையே. தெரியாமற் போகும் அப்பகுதியே மஞ்சள் வண்ணத்தை மெய்யாக்குகிறது அல்லது பொய்யாக்குகிறது. அதனைச் செய்து முடித்தவனுக்கேனும் உள்ளே என்ன உண்டென்பது தெரிந்திருக்கும். அம்மாவின் அச்சம் இம்மாதிரியாற் தீர்ந்துவிட்டதென நான் கூற வரவில்லை. மறுவாரம் வானில் ஓர் ஓசை கேட்டபோது அவர் வழமை போலவே அசையாமல் நின்றார்.

மாத்திரை உறைகள் ஆறு கிடைத்தன. வலப்புறச் சுவரும் நிறைவுற்றது. இரு பாதிகளையும் ஒட்டுவதற்கு ஆயத்தமாகிக் கதவைக் கையிலெடுத்தபோது அம்மா வாசலில் நின்றார்.

“அதைச் சாத்திப்போடாதை,” என்றார்.

திறந்தபடியே ஒட்டினேன். படுக்கை கோணலாகத்தான் இருக்கிறது. யன்னல் ஒன்றில் இன்னும் வெண்மை தெரிகிறது. மாதிரி இப்பொழுது எங்கள் வீட்டின் முன்னறையில், அம்மம்மாவின் படத்துக்குக் கீழே உள்ள தட்டில் இருக்கிறது. அங்கு வைத்தது நானல்ல.