காணாக்கடி

பத்தாம் வகுப்பு அரையாண்டுக் கணக்குப் பரீட்சையன்று, மணியடிக்கக் கொஞ்சம் முன்னால், பள்ளிக்கூடத்துக் கிணற்றடியில் நின்றுகொண்டு, வாரியலிலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் இடது முன்கையின் உள்பக்கத்தில் 'ஏ ஸ்கொயர் ப்ளஸ் டூ ஏபி ப்ளஸ் பி ஸ்கொயர்' என்று எழுதிக்கொண்டேன். மை கிடையாது, வெறும் கீறல்தான். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு கோடு சிவக்கும். ஐந்து நிமிஷத்தில் எழுத்துகள் தோலைவிட்டுப் புடைத்து எழும்; கண்ணை மூடிக்கொண்டு தடவியே படித்துவிடலாம்.

இந்த வித்தை எனக்கு மூன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. பக்கத்திலிருந்தவன் விளையாட்டாக நகத்தால் 'கழுதை' என்று என் முதுகில் எழுதப்போய், அது எழுந்து நின்று வகுப்பே வரிசையில் வந்து பார்த்துவிட்டுப் போனது. ஒரு எழுத்துக்கு ஒரு நெல்லிக்காய் என்று கூலி வைத்துக் கொஞ்சநாள் தொழிலே நடத்தினேன்.

பரீட்சையில் பிடிபட்டுவிட்டேன். கணக்கு சார் கையைத் திருப்பிப் பார்த்தார். "என்னல இது?" என்று எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்தார். தேய்க்கத் தேய்க்க இன்னும் சிவந்து தடித்ததே தவிர அழியவில்லை. தரதரவென்று ஹெச்.எம். அறைக்கு இழுத்துப் போனார். உள்ளே யாரோ பெற்றோர் நெடுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வராந்தாவில் நின்றோம். எங்கள் முறை வந்து, "காட்டுல கைய" என்று சார் அதட்டியபோது முன்கை வெறுமையாக இருந்தது. ஹெச்.எம். என்னைப் பார்க்கவில்லை. சாரைத்தான் பார்த்தார்.

ஆச்சிக்கு இதெல்லாம் விளையாட்டே இல்லை. அவள் இதற்கு வைத்திருந்த பெயர் காணாக்கடி. உடன்குடிப் பக்கத்துத் தேரிமண் ஊர் எங்களுடையது. தேளும் பூரானும் நட்டுவாக்காலியும் கூரையிலிருந்தே விழும். கடித்தது கண்ணில் பட்டால் அதற்கொரு பெயர், அதற்கொரு வைத்தியம். கடித்தது கண்ணில் படாமல் உடம்பு மட்டும் பத்தை பத்தையாகத் தடித்தால் காணாக்கடி. எனக்கு அது பெரும்பாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வரும். இடுப்பில், கால்சட்டை நாடா இறுக்கிய இடத்தில் தொடங்கி முதுகுக்குப் பரவும். ஆச்சி சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விசாரணையைத் தொடங்குவாள். "என்னத்தலே தின்ன? எந்தப் பொந்துக்குள்ள கைய விட்ட?"

கத்தரிக்காய், கருவாடு, கம்பு, சோளம் என்று கரப்பான் பண்டங்களின் நீண்ட பட்டியல் ஒன்று அவளிடம் இருந்தது. அதில் எதையாவது நான் தின்றிருப்பேன். எங்கள் வீட்டில் தின்பதற்கு வேறென்ன இருந்தது? அருகம்புல்லையும் வெற்றிலையையும் நாலு மிளகையும் அம்மியில் வைத்து நசுக்கி, துணியில் பிழிந்து, மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். பிறகு மரப்பெட்டியிலிருந்து கருப்புக் கம்பளி வெளியே வரும். ஆட்டு மயிரில் நெய்தது, தொட்டாலே குத்தும். அதை என்மேல் போர்த்தி, தலையிலிருந்து கால்வரை அழுத்தித் தேய்த்து, வேப்பிலையால் மூன்று சுற்றுச் சுற்றி, திண்ணைக்கு வெளியே துப்புவாள்.

கம்பளி பட்டதும் தடிப்பு இரண்டு மடங்காகும். "பாத்தியா, விஷம் வெளிய வருது" என்பாள். அரைமணி, ஒருமணி கழித்து எல்லாம் வடிந்துவிடும். "பாத்தியா, போயிட்டு" என்பாள். வந்தாலும் அவள் சொன்னதுதான், போனாலும் அவள் சொன்னதுதான். அவளோடு வழக்காடி ஜெயிக்க முடியாது.

தோல்தடிப்பு ஒவ்வொன்றும் தானாகவே அடங்கிவிடக்கூடியது என்பதும், என்னைப் போன்ற கீறினால் தடிக்கும் தோல்காரனைக் கம்பளியால் தேய்ப்பது எரிகிற பனையோலையில் எண்ணெய் ஊற்றுவது என்பதும் மருந்தாளுநர் படிப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்கு இப்படித் தோல் உண்டு என்று புத்தகத்தில் போட்டிருந்தது. என் நெல்லிக்காய் வியாபாரத்துக்கு ஊரிலேயே போட்டிக்கு ஆள் இருந்திருக்கிறார்கள்.

அந்தப் புத்தகத்தில்தான் தாமஸ் லூயிஸைச் சந்தித்தேன். லண்டனில் இதய மருத்துவர். 1920களில் அவர் மனிதர்களின் தோலைக் கீறிக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். 1927இல் தோலின் ரத்தக்குழாய்களைப் பற்றி ஒரு தடித்த நூலே எழுதினார். முதலில் கீறிய இடத்தில் செங்கோடு. அடுத்து அதைச் சுற்றி நரம்பு வழியாகப் பரவும் சிவப்பு. கடைசியாகக் குழாய்ச் சுவர் கசிந்து, நீர் வெளியேறிப் புடைக்கும் தடிப்பு. ஈர்க்குச்சியோடு கிணற்றடியில் நான் பார்த்த அதே மூன்று கட்டம், அதே வரிசையில். கீறல் பட்டதும் தோலுக்குள்ளிருந்தே ஏதோ ஒரு பொருள் வெளிவருகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அவசரப்படாமல் அதை 'ஹெச்-பொருள்' என்று மட்டுமே குறித்தார்.

அந்த ஹெச், ஹிஸ்டமின். 1910இலேயே ஹென்றி டேலும் அவருடைய சகாக்களும் அதை எர்காட் பூஞ்சையிலிருந்து பிரித்திருந்தார்கள். ரை தானியக் கதிரில் முளைக்கும் பூஞ்சை அது. நம் கம்பங்கதிரில் தேன் ஒழுகலாக வரும் நோய்க்குக் காரணமான பூஞ்சை அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. கம்பு கரப்பான் என்று ஆச்சி சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அவள் இருந்திருந்தால் விட்டிருக்கமாட்டாள்.

ஹிஸ்டமின் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. தோலிலும் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் குடலிலும், வெளியுலகம் வந்து தொடுகிற எல்லைகளிலெல்லாம், மாஸ்ட் செல் என்ற காவல்காரன் உட்கார்ந்திருக்கிறான். 1878இல் பவுல் எர்லிக் அவனைப் பார்த்தபோது உள்ளே நிறைந்திருந்த குருணைகளைக் கண்டு, வயிறுமுட்டத் தின்ற செல் என்று பொருள்பட ஜெர்மன் மொழியில் பெயர் வைத்தார். உண்மையில் தின்றதல்ல, கட்டிவைத்திருப்பது. அந்தக் குருணைக்குள்தான் ஹிஸ்டமின். சிலருக்கு ஒரு கீறலே போதும், மூட்டை அவிழ்ந்துவிடும்.

தைராக்சின், இன்சுலின் போன்ற ஹார்மோன்கள் தபால் மாதிரி. ஓரிடத்தில் போட்டால் ரத்தத்தோடு போய் எங்கோ சேரும். ஹிஸ்டமின் போன்றவை அப்படியல்ல. பக்கத்து வீட்டுக்காரியை மதிலுக்கு மேலாகக் கூப்பிடுவது மாதிரி, பிறந்த இடத்திலேயே சொல்லிவிட்டு ஓரிரு நிமிஷத்தில் அடங்கிவிடும். அதனால்தான் உள்ளூர் ஹார்மோன்கள் என்று பெயர். ஆக, கடித்தது எங்கள் கண்ணில் படாமல் போனதில் அதிசயமே இல்லை. அது உள்ளே இருந்தது.

எங்கள் ஊர்க் கம்பவுண்டர் மாமாவிடம் இரண்டு டப்பாக்கள் உண்டு. காணாக்கடிக்குச் சின்ன மஞ்சள் மாத்திரை. உடைமுள் குத்திக் கால் வீங்கினால் வெள்ளை மாத்திரை. முள் குத்தினாலும் சிவக்கிறது, வீங்குகிறது, கொதிக்கிறது. அப்புறம் ஏன் இரண்டு டப்பா என்று ஒருநாள் கேட்டேன். "கேள்வி கேக்காம முழுங்கு மருமகனே" என்றார். அவருக்கும் தெரியாது. அந்த வருஷங்களில்தான் உலகத்துக்கே அது தெளிவாகிக்கொண்டிருந்தது. முள் குத்தின முதல் சில நிமிஷத்துக் கசிவு ஹிஸ்டமினுடையது. ராத்திரி முழுக்கக் கால் விண்விண்ணென்று தெறிப்பது புரோஸ்டாகிளாண்டின், பிராடிகைனின் என்று அடுத்த கோஷ்டியின் வேலை. ஆஸ்பிரின், புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதையே தடுக்கிறது என்று ஜான் வேன் காட்டியது 1971இல். நோபல் வந்தது 1982இல். மஞ்சள் மாத்திரையோ எதுவும் உண்டாவதைத் தடுப்பதில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பவன் மாதிரி, ஹிஸ்டமின் உட்கார வேண்டிய இடத்தில் முன்கூட்டியே உட்கார்ந்துகொள்கிறது. மூளையில் நம்மை விழித்திருக்க வைக்கும் வேலையும் ஹிஸ்டமினுக்கு உண்டு. அந்த இடத்திலும் துண்டு விழுவதால்தான் அதைப் போட்ட நாளெல்லாம் வரலாறு வகுப்பில் எனக்குத் தலை தொங்கியது.

ஆச்சி ஒரே ஒரு தடவை தோற்றாள். மணப்பாட்டுப் பக்கமிருந்து சைக்கிளில் பெட்டி கட்டி மீன் வரும். அன்று சூரை. வெயிலில் சுற்றிச் சுற்றி எங்கள் தெருவுக்கு வரும்போது உச்சி தாண்டியிருந்தது. விலை மலிவு. நாற்றமும் இல்லை. அம்மா புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். சாப்பிட்டு அரைமணிகூட ஆகவில்லை, அப்பாவின் முகம் குங்குமம் அப்பினதுபோலச் சிவந்தது. அப்புறம் சித்தப்பா, அக்கா, நான், குழந்தைகள். தலைவலி, நெஞ்சு படபடப்பு, உடம்பெல்லாம் ஊறல். வெள்ளிக்கிழமை விரதமென்று ஆச்சி மட்டும் மீனைத் தொடவில்லை. மரப்பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்தவள், ஏழு பேரையும் பார்த்துவிட்டு, கம்பளியைப் பார்த்துவிட்டு, அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஒவ்வாமை என்றால் ஒருவனுக்கு வரும், பக்கத்து இலைக்காரனுக்கு வராது. பந்தி முழுக்க வந்தால் குற்றம் உடம்பில் இல்லை, மீனில். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் அதிகம். ஐஸ் இல்லாமல் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அதன்பிறகு கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. நாக்கில் மிளகு பட்டதுபோல ஒரு காரம் தெரியும் என்கிறார்கள்; எங்கள் அம்மாவின் குழம்பில் அதைக் கண்டுபிடிக்கத் தேவலோகத்து நாக்கு வேண்டும். கம்பவுண்டர் மாமா ஏழு பேருக்கும் மஞ்சள் மாத்திரை கொடுத்தார். வீடே தூங்கியது. காலையில் எல்லோரும் எழுந்து பழைய சோறு தின்றோம்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற கதை. பனை மாமாவின் கதை அப்படியல்ல. கருப்பட்டி காய்ச்சும் எங்கள் விடிலிக்குப் பதநீர் இறக்கியவர். முந்தின வருஷம் பனையில் கடந்தை கொட்டி — வடக்கே கதண்டு என்பார்கள் — கை வீங்கி இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. அவ்வளவுதான். மறுவருஷம் ஒரே ஒரு கொட்டு. பாதிப் பனையில், "உள்ளங்கையெல்லாம் அரிக்கு" என்று சத்தம் கொடுத்தார். இறங்கி வருவதற்குள் உதடு தடித்திருந்தது. வாந்தி எடுத்தார். பேச்சு கரகரத்தது. பனைமூட்டில் சாய்ந்தவருக்கு மூச்சு இழுத்தது.

முதல் கொட்டில் உடம்பு பாடம் படித்துக்கொள்கிறது. அந்த விஷத்துக்கென்று ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரித்து மாஸ்ட் செல்களின் மேல் நட்டுவைக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர்கள் 1966இல் இஷிசாகா தம்பதியர். அடுத்த கொட்டில் உடம்பெங்கும் ஒரே நேரத்தில் மூட்டைகள் அவிழ்கின்றன. எல்லாக் குழாயும் விரிந்து கசிந்தால் ரத்த அழுத்தம் எங்கே நிற்கும்? கூடவே லூக்கோட்ரையீன் என்ற பொருளும் வந்து மூச்சுக்குழலை நெரிக்கும். 1902இல் ரிஷேயும் போர்ட்டியேயும் கடற்பூவின் விஷத்தை நாய்களுக்குச் சிறிய அளவில் போட்டுப் பார்த்தபோது, முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துப் போட்ட இரண்டாவது ஊசியில் நிமிஷங்களில் செத்தது.

யாரோ ஓடிப்போய் அம்பாசடர் கார் ஒன்றைப் பிடித்து வந்தார்கள். ஆச்சி கம்பளியோடு வந்தாள். அப்பா அவளைத் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஆஸ்பத்திரியில் டாக்டர் போட்டது அரை மில்லி அட்ரினலின். விரிந்த குழாய் சுருங்கியது, நெரிந்த குழல் திறந்தது. கொஞ்ச நேரத்தில் மாமா கண் திறந்து, பனையில் விட்டுவந்த அரிவாளைப் பற்றி விசாரித்தார்.

வெறும் தடிப்பும் அரிப்பும் என்றால் மஞ்சள் மாத்திரை போதும். உதடோ நாக்கோ வீங்கி, குரல் கரகரத்து, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் அதைப் போட்டுவிட்டு அடங்கட்டும் என்று காத்துக்கொண்டிருக்காதீர்கள். அது உயிரைக் காப்பாற்றாது. அட்ரினலின் ஊசி இருக்கிற இடத்துக்கு உடனே போங்கள்.