யார் கை வைத்தது?

ஆகஸ்ட் 3, 2024

ஆடிப்பெருக்கு. சிவகாசிப் பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டுத் தீபாவளி விற்பனையைத் தொடங்கிவிட்டார்கள். அவள் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் நிறுவனம் பதினான்கு கடைகளுக்கு இணையப் பக்கம் செய்து தருகிறது. இணைய வணிகத் தளங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று சொன்னது. ஆகவே இந்தப் பக்கங்களில் பணம் கட்ட வழி கிடையாது. வேண்டிய சரக்கைக் குறித்து அனுப்பலாம். கடைக்காரர் போனில் அழைப்பார். இவ்வளவையும் அவள் டீக்கடையில் ஒரு கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அலுவலகத்தில் எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஆகஸ்ட் 6

சர்வர் பாஸ்வேர்டு சுவர்ப் பலகையில் இருக்கிறது. எல்லாருக்கும் ஒன்றே.

ஆகஸ்ட் 28

காலையிலிருந்து போன். பட்டியலில் விலையை ஏற்றிப் போட்டு 80 சதவீதம் தள்ளுபடி கொடுப்பது இந்த ஊர்க் கடைகள் பலவற்றின் வழக்கம். ஒரு கடையில் அந்தத் தள்ளுபடி இரண்டு முறை கழிந்திருக்கிறது. 100 ரூபாய் புஸ்வாணம் 20 ரூபாய்க்குப் பதில் 4 ரூபாய். ஓடிக்கொண்டிருந்த சர்வரில் யாரோ நேராகத் திருத்தியிருக்கிறார்கள். பழைய பிரதி இல்லை. முதலாளி அண்ணாச்சி ஒவ்வொரு மேசையாக வந்து, "யார் கை வைச்சது?" என்று கேட்டார். நான்கு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் விலைகளை அச்சடித்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக ஏற்றினாள். முடிக்கும்போது இரவு மணி 11.

கடைக்காரர் திட்டவில்லை. "சாப்பிட்டியாம்மா?" என்றார். அதற்குத்தான் அழுகை வந்தது.

செப்டம்பர் 5

திருத்தங்கல் வீட்டில் அம்மா பட்டாசு ஆலை வேனை விட்டு இறங்கியதிலிருந்து பேசவில்லை. 2012இல் இதே நாள் முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில் 38 பேர் இறந்தார்கள். வெடிச் சத்தம் கேட்டு ஓடிப்போய் நின்ற அக்கம்பக்கத்து ஆட்களும் அதில் உண்டு. சோறு போடும்போது அவள் அலுவலகக் கதையைச் சொன்னாள். அம்மாவுக்கு அது புரியவே இல்லை.

"எங்க ரூம் சுவத்துல எழுதியிருக்கும்த்தா, எத்தனை பேரு, எத்தனை கிலோ மருந்துன்னு. நாலு பேருக்கு மேல வந்தா போர்மேன் வெளிய போகச் சொல்லிருவாரு. உங்க ஆபீஸ்ல போர்மேன் யாரு?"

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

செப்டம்பர் 6

ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. யார் திருத்தினாலும் பதிவாகும், பழைய பிரதியும் இருக்கும். பலகையை ஈரத்துணியால் துடைத்தாள்.

செப்டம்பர் 18

ஒரு கடைக்காரர் சரவெடியைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். அதே 2018 தீர்ப்பு தடுத்த சரக்கு. முடியாது என்றாள். மாலையில் வேறு யாரோ சேர்த்துவிட்டார்கள். இப்போது யாரென்று தெரியும். போய் நின்று பேசினாள். அவர் மறுபேச்சின்றி எடுத்துவிட்டார். வெகுநாளைக்குப் பிறகு வேலை பிடித்திருந்தது.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரி.

அக்டோபர் 29

தீபாவளிக்கு இரண்டு நாள். மதியம் 3.10க்கு மறுபடி தள்ளுபடி மாறியது. பழைய பிரதி இருந்ததால் இருபது நிமிடத்தில் சரிசெய்துவிட்டாள். பிறகு பதிவைத் திறந்து பார்த்தாள். திருத்தியவர் பெயர்: அண்ணாச்சி.

3.10க்கு அண்ணாச்சி அவளுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.