பூங்காவுக்குள் ஒரு காடு

பூங்காவை மனிதன் தன் கண்ணுக்கும் காலுக்கும் இசைய அமைக்கின்றான்; புற்றரையை வெட்டுகின்றான், சருகைக் கூட்டி அகற்றுகின்றான், மரங்களுக்கிடையே தான் நடக்க இடம் விடுகின்றான். காடோ விழுந்த சருகையே தன் மண்ணாக்கிக்கொள்வது. எனினும் நகர்ப்புறப் பூங்காக்களின் ஒரு மூலையைக் காட்டுக்கு விட்டுக்கொடுக்கும் முயற்சி அண்மைக் காலத்திற் பல நாடுகளிலும் பரவியுள்ளது.

இதற்கு வழிகாட்டியவர் யப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி (1928–2021). யப்பானின் மலைச்சரிவுகளிற் பரந்த பகுதிகளை மனிதர் நட்ட ஊசியிலை மரங்கள் மூடியிருந்தன. அவ்வந்நிலத்துக்குரிய பழைய மரங்களை அவர் ஷின்ரோ ஆலயங்களைச் சூழ்ந்த தோப்புகளிலே கண்டார். அவை மக்கள் புனிதமெனக் கருதி வெட்டாது விட்டவை. ஓரிடத்துக்குரிய பல்லின மரங்களையும் செடிகளையும் கலந்து, சதுர மீற்றருக்கு மூன்று கன்றுகளேனும் அமைய நெருக்கி நடுவது அவர் வகுத்த முறை. ஒளியை நாடிப் போட்டியிடும் கன்றுகள் விரைந்து மேலெழுகின்றன. இம்முறையைத் தழுவி 2015 இல் ஒல்லாந்தின் ஸான்டாம் நகரிலும், 2020 இல் இங்கிலாந்தின் விற்னியிலும் சிறு காடுகள் தோன்றின.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரை அடுத்த கேம்பிரிட்ஜில் உள்ள டனஹி பூங்கா ஒருகாலத்தில் நகரின் குப்பை கொட்டப்பட்ட நிலமாகும். 2021 செப்ரெம்பரில் அங்கு ஏறத்தாழ 4,000 சதுர அடி நிலத்திலே சுமார் 1,400 கன்றுகளைத் தொண்டர்கள் நட்டனர்.

நடுகைக்குக் கூட்டம் சேர்வது எளிது. அதனைத் தொடரும் இரண்டு மூன்று ஆண்டுகளே சோதனைக்காலம். களை பிடுங்கவேண்டும், வறண்ட நாட்களில் நீரூற்றவேண்டும், மண்ணை மூடிய வைக்கோலைப் பேணவேண்டும். இவற்றைக் கூலியாட்களைக் கொண்டும் செய்விக்கலாம். ஆயின் அயலவர் தாமே குனிந்து செய்யுமிடத்துப் பிறிதொரு பயனும் விளைகின்றது. களையையும் கன்றையும் பிரித்தறிய அவர்கள் கற்கின்றனர். மரம் என்ற பொதுப்பெயரால் மட்டும் அறிந்தவற்றைத் தனித்தனிப் பெயரால் அறிகின்றனர். கன்றுகளின் நிழல் களையை அடக்கியதும் அவர்கள் கையெடுத்துவிடவேண்டும். வளர்த்தவர் விலகி நிற்றலும் வளர்ப்பின் ஒரு கூறேயாகும்.

இம்முயற்சியின் எல்லையும் மனங்கொள்ளத்தக்கது. அழிக்கப்பட்ட பெருங்காட்டுக்கு இச்சிறு காடு ஈடாகாது. பல நூற்றாண்டுகளில் உருவான காட்டு மண்ணைச் சில ஆண்டுகளில் ஆக்கிவிடுதல் இயலாது. இயல்பாகவே புல்வெளியாயமைந்த நிலத்தில் மரங்களை நெருக்கி நடுதலோ அந்நிலத்துக்குரிய உயிர்களுக்கே கேடாகும். பழங்காட்டை வீழ்த்துவோர் பூங்காவின் மூலையிலுள்ள காட்டைச் சுட்டித் தம் செயலுக்கு நியாயங் கற்பிக்க முற்படுவராயின், அதனை மறுத்துரைக்கும் உரிமை முதலில் அம்மூலையிலே களை பிடுங்கியோர்க்கு உண்டு. ஒரு கன்று வேரூன்ற எத்தனை நாட்கள் செல்லுமென்பதை அவர்கள் எண்ணியிருந்து அறிந்தவர்கள்.