சிவாஜி நகர்க் குஜிரியில் ஒரு காலை

பெங்களூரில் குடியேறிய நம்மவருக்குச் சிவாஜி நகர் அந்நியமன்று. 1809-இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தபோது படையோடும் படையின் பின்னும் வந்த தமிழர் பலர் வேரூன்றிய இடம் அது. 1927-இல் எழுந்த ரஸ்ஸல் மார்க்கெட்டில் காய்கறி வாங்காத நம் இல்லத்தரசிகள் அரியர். ஆனால் பக்கத்துச் சந்துகளில் இருக்கும் குஜிரிக்குள் அவர்கள் நுழைவதில்லை. ஊரில் நாம் காயலான் கடை என்போமே, அதன் பேருருவம் அது. கழற்றிய கதவுகள், கியர் பெட்டிகள், விளக்குகள் எல்லாம் அங்கே மலைபோல் குவிந்து கிடக்கும். ஒரே பேரத்தில் தமிழும் கன்னடமும் உருதுவும் புரளும். எவரும் எவருக்கும் மொழிபெயர்ப்பதில்லை.

சென்ற திங்களில் நம் மருமான் அவ்விடம் நம்மை அழைத்துச் சென்றான். அவன் பீன்யாவில் கடைசல் வேலை செய்பவன். இரவு முறை முடிந்து வெளிவரும் வேளையில் மெட்ரோவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. குஜிரியில் ஒரு யெஸ்டி மோட்டார் சைக்கிள் அவனுடைய ஒரு மாதச் சம்பளத்திலும் குறைந்த விலைக்கு வந்திருந்தது. மலிவுக்குக் காரணம் வெளிப்படை: என்ஜின் சீஸ் ஆகிக் கிக்கர் இம்மியும் அசையவில்லை. அவன் கையிலிருந்த பணமோ, தங்கையின் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கியது. ஆகவேதான் மாமனைத் துணைக்கு அழைத்தான். மாமனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், யந்திரம் தெரியாது. அதனால் அல்சூரில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துக்கொண்டோம்.

யெஸ்டியின் பிறப்பிடம் தொலைவிலில்லை. மைசூர் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-இல் வண்டி செய்யத் தொடங்கிற்று. 1970-களில் யெஸ்டி என்ற பெயர் வந்தது. 1996-இல் ஆலை மூடிற்று. இப்போது அதே பெயரில் வரும் புதிய வண்டிகளின் உறுப்புகள் இதற்குப் பொருந்தா. சிலிண்டர் ஒன்று, புகைக்குழாய் இரண்டு. உதைக்கும் கோலே கியர் மாற்றும் கோலுமாகும் விந்தை வண்டி.

பெரியவர் கேட்ட முதற் கேள்வி விலையைப் பற்றியதன்று. "ஓடும்போது நின்றதா, நின்றபோது இறுகியதா?" என்றார். நின்ற இடத்தில் மழைநீர் புகுந்து துருப்பிடித்து இறுகியதாயின், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டீசலும் எண்ணெயும் ஊற்றிச் சில நாள் ஊறவிட்டால் பெரும்பாலும் இளகிவிடுமாம். ஓடும்போது நின்றதென்றால் கதை வேறு. இவ்வகை என்ஜினுக்குப் பெட்ரோலில் கலக்கும் எண்ணெய்தான் உயிர். அது குறைந்தால் அலுமினியப் பிஸ்டன் சூட்டில் விரிந்து இரும்புச் சுவரைப் பற்றிக்கொள்ளும். அதே எண்ணெயை நம்பியிருக்கும் கிராங்க் பேரிங்கும் உடன் வாடும். ஆதலால் மேலே கண்ட காயத்தோடு கணக்கை முடிக்கலாகாது.

கடைக்காரர் நல்லவர், திறந்து பார்க்கும் கூலி நம்முடையது என்ற நிபந்தனையுடன் இசைந்தார். சிலிண்டர் எளிதில் வரவில்லை. மரச்சுத்தியால் நெடுநேரம் தட்டிய பின்பே வந்தது. உட்சுவரில் மேலிருந்து கீழாக ஆழ்ந்த கீறல்கள். நகம் வைத்தால் சிக்கிற்று. நகம் சிக்காவிடில் தேய்த்துச் சரிசெய்யலாமாம். புதுச் சிலிண்டரின் விட்டம் 65 மில்லிமீட்டர். இதன் பிஸ்டன் தலையில் பொறித்திருந்த எண்ணோ, இச்சிலிண்டரை முன்பே பலமுறை குடைந்து பெரிதாக்கிவிட்டார்கள் என்று காட்டிற்று. இனி ஸ்லீவ் இறக்குவதே வழி என்றார் பெரியவர். அடுத்துக் கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்தார். மெல்லிய 'டக்' ஒலி கேட்டது. பக்கவாட்டில் சிறிது ஆடலாம், மேல் கீழாய் ஆடலாகாதாம். கிராங்கைப் பிரித்துப் புது முளையும் பேரிங்கும் ஏற்றி, நூலிழை பிசகாது நேர்செய்ய வேண்டும். அதை நம்பிக் கொடுக்கத்தக்க கைகள் இந்நகரில் குறைந்துவருகின்றன என்று வருந்தினார்.

அங்கிருந்து ஜெயசாமராஜேந்திர சாலைக்குச் சென்றோம். 1935-இல் கட்டிய டவுன் ஹாலில் தொடங்கி மினர்வா சதுக்கம் வரை மோட்டார் உறுப்புக் கடைகள். யெஸ்டி என்றதும் சிலர் கைவிரித்தார்கள். இரண்டொருவர் எடுத்துக் காட்டினார்கள். பிஸ்டன், ஸ்லீவ், கிராங்க் வேலை, ஆயில் சீல், கூலி என மருமான் பஸ் டிக்கெட்டின் பின்புறம் எழுதிக் கூட்டினான். வண்டியின் விலை ஒரு பங்கென்றால் செலவு மூன்று பங்கு ஆயிற்று.

அப்போதும் அவனுக்கு மனம் வரவில்லை. "வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யலாமே மாமா" என்றான். திரும்பிச் சென்று ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டோம். புத்தகத்தில் கண்ட எண்ணும் என்ஜினில் பொறித்த எண்ணும் வேறு வேறாய் இருந்தன. பதினைந்து ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமே, அதிகாரி முன் என்ன சொல்வது? "பார்த்துக்கொள்ளலாம்" என்றார் கடைக்காரர். மருமான் பேசாது எழுந்தான். திறந்த கூலியைக் கொடுத்தோம்.

பெரியவர் பின்னர் அல்சூரில் வேறொரு யெஸ்டியைக் காட்டினார். ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டு மரத்தடியில் நெடுநாள் நின்றது. புத்தகம் ஒழுங்கு, எண்கள் ஒத்தன. டீசல் ஊற்றி ஒன்பதாம் நாள் பிஸ்டன் ஓர் அங்குலம் நகர்ந்தது. விலை சற்று மிகுதியாதலால் தவணையில் தர இசைந்தார். கல்லூரிக் கட்டணத்தில் கை வைக்கவில்லை. என்ஜின் இப்போது கோணிப்பையில் நம் திண்ணையில் இருக்கிறது. தரையில் எண்ணெய்க்கறை போகவில்லையென்று தமக்கை நாள்தோறும் நம்மைத்தான் கேட்கிறாள்.